அடிமண்டி ஒஸ்மார்

ஒஸ்மார் பிரெசான் எதையும் முழுதாகக் காலி செய்யமாட்டார். சோடா பாட்டிலில் ஒரு வாய் மிச்சம் இருக்கும். பால் அட்டைப்பெட்டியில் ஒரு விரல் பால். கழிப்பறைக் காகிதச் சுருளில் ஒரே ஒரு சுற்று, அட்டையோடு ஒட்டிக்கொண்டு. மாத்தே என்கிற கசப்பு இலைப் பானத்துக்கு வெந்நீர் வைக்கிற கெட்டிலின் அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். காலி செய்தவர்தான் பாட்டிலைக் கழுவ வேண்டும், புதுச் சுருளை மாட்ட வேண்டும், கெட்டிலை நிரப்ப வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஒஸ்மார் காலி செய்யவில்லை. ஆகவே அந்த வேலை அவருடையது இல்லை.

டெல்மா இதைக் கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே கவனித்துவிட்டாள். அப்போது சிரிப்பு வந்தது. பிள்ளைகள் பிறந்த பிறகு எரிச்சல் வந்தது. பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போனபோது, அந்த ஒரு வாய் சோடாவைப் பார்த்தால் எதுவுமே தோன்றாத நிலைக்கு வந்திருந்தாள். எதுவும் தோன்றாமல் இருப்பதைத்தான் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தோமோ என்று பிற்பாடு அவளுக்குச் சந்தேகம் வந்தது.

ரோகா நகரத்திலிருந்து மலைப்பக்கம் போகும் இரவுப் பேருந்தை ஓட்டியவர் ஒஸ்மார். பாதி வழியில் வண்டியை மாற்று ஓட்டுநர் கலார்சாவிடம் ஒப்படைப்பார். ஒப்படைக்கும்போது டீசல் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். 'அடிமண்டி' என்று அவருக்குப் பெயர் வைத்தது கலார்சாதான். பணிமனை முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒஸ்மாருக்கும் அதில் வருத்தம் இல்லை. யாராவது "யோவ் அடிமண்டி" என்றால் தொப்பியைத் தூக்கிக் காட்டுவார்.

கெட்ட மனிதர் இல்லை. அங்கே கடுங்குளிர் மாதமான ஜூலை ஒன்றில் கணவாய்க்குக் கீழே பனியில் வண்டி மாட்டிக்கொண்டது. விடியும்வரை எஞ்சினை அணைத்து அணைத்துப் போட்டு, யாரையும் உறையவிடாமல், வண்டி முழுக்கப் பாட்டுப் பாட வைத்து, தன் மேல்கோட்டைக் கைக்குழந்தைக்காரி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஊர் திரும்பியபோது பயணிகள் கைதட்டி இறங்கினார்கள். அந்த வண்டிக்குள் நிறைந்து கிடந்த வாந்தியையும் மூத்திரத்தையும் கழுவியவன் கலார்சா. "கைதட்டல் உனக்கு, வாளி எனக்கு" என்றானாம். ஒஸ்மார் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த வரியையும் விடாமல் சொல்லிச் சிரிப்பார். டெல்மாவும் சிரித்திருக்கிறாள்.

அவர் ஓய்வு பெற்ற ஆண்டு கம்பெனி பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டியது. தான் ஓட்டிய வண்டியையே அவர் வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். இருக்கைகளைப் பிடுங்கி, கட்டில் போட்டு, அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, வீட்டுவண்டி ஆக்கினார். திரைச்சீலையும் மெத்தை உறையும் டெல்மா தைத்தாள். முன் கண்ணாடிக்கு மேலே, ஊர்ப்பெயர் இருந்த இடத்தில், 'அவசரமில்லை' என்று அவரே எழுதினார். கோடை வந்ததும் மலை ஏரிக்குப் போவது என்று முடிவாயிற்று. கிளம்பும் முன் டெல்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

வண்டியின் பின்மூலையில் கழிவறை இருந்தது. அடியில் இழுத்து வெளியே எடுக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி. நாற்றம் அடங்க அதில் நீல மருந்து ஊற்ற வேண்டும். நிறைந்ததும் அதற்கென்று உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கவிழ்க்க வேண்டும்.

"இந்தப் பெட்டிய நான் தொடமாட்டேன் கிழவா," என்றாள். "முப்பது வருஷம் அழுகல் பேரிக்காய் பொறுக்கியாச்சு. இனிமே யாரோட அழுகலையும் நான் பொறுக்கறதா இல்ல."

"பெட்டி என் பொறுப்பு. எங்கம்மா மேல சத்தியம்."

"உங்கம்மா இருந்தப்ப அவங்க கட்டிலடி வாளியக்கூட நீ தூக்கினதில்ல."

"அதனாலதான் இப்ப சத்தியம் பண்றேன்."

அவள் சொன்னது வீம்புக்கு இல்லை. பேரிக்காய்க் கிடங்கில் ஓடும் பட்டைக்கு முன்னால் நின்று காய் பிரித்தவள் அவள். வெளியே பளபளப்பாக இருக்கும் காய், உள்ளே விதையைச் சுற்றிப் பழுப்பாகக் குழைந்திருக்கும். பெட்டிக்குள் ஒன்று போனால் போதும், ஏற்றுமதிக்குப் போகும் மொத்தப் பெட்டியும் வீண். அந்த இனிப்பு கலந்த கெட்ட வாடையை அவள் மூக்கு எப்படியோ பிடித்துவிடும். வேலையை விட்ட பிறகும் மூக்கு ஓய்வு பெறவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் குளிர்பெட்டியில் எதை மறந்துவைத்திருக்கிறார்கள் என்பது வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

ருகாக்கோ ஏரி, பெவென் என்ற ஊசியிலை மரக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கரையில் முகாம் நடத்துபவள் எர்மிந்தா. அவள் குடும்பம் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மாபுச்சேப் பூர்வகுடிக் குடும்பம். புருஷன் கோடை முழுக்க ஆடுகளோடு மேல்மலையில் இருப்பான். நான்கு வயது மகள் சுயாயோடு எர்மிந்தா தனியாக முகாமைப் பார்த்துக்கொள்வாள். ஜனவரிக் கடைசியில் கரையெல்லாம் வண்டிகள். தண்ணீருக்கு ஒட்டினாற்போல் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. யாரோ அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார்கள். ஒஸ்மார் ஒரே திருப்பில் பேருந்தை அதற்குள் செருகினார். பின்னாலேயே வந்த இன்னொரு வீட்டுவண்டிக்காரன் ஹாரன் அடித்துக் கையை விரித்தான்.

எர்மிந்தா வந்து விதிகளைச் சொன்னாள். "தண்ணி மேல காட்டுலேர்ந்து வருது, நல்ல தண்ணி. குழாயடியில சோப்பு வேண்டாம். கழிவுப் பெட்டிய இங்க எங்கயும் ஊத்தாதீங்க. குழிக் கக்கூசுலயும் வேண்டாம், அந்த நீல மருந்து பட்டா குழி செத்துப்போயிடும், எதுவும் மக்காது. ஊருக்குள்ள நகராட்சிக்காரங்க ஒரு இடம் வெச்சிருக்காங்க. ரோடு கொஞ்சம் மோசம். ஆனா அங்கதான் போகணும்."

"கவலப்படாதீங்க தோன்யா," என்றார் ஒஸ்மார், 'அம்மா' என்கிற மரியாதைச் சொல்லோடு. "வாழ்நாள் பூரா கக்கூசு வெச்ச வண்டிய ஓட்டினவன் நான்."

ஏரி தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிட்டே போனால் வேறு. பக்கத்துக் கூடாரத்துக்காரன் இறைச்சி சுட்ட தட்டுகளை ஏரியிலேயே கழுவினான். கொழுப்பு வட்டம் வட்டமாகத் தண்ணீர்மேல் மிதந்து வந்து கரைக்கல்லில் ஒட்டியது. புதர்களுக்குப் பின்னால் வெள்ளைப் பூக்கள் பூத்திருப்பதாக டெல்மா நினைத்தாள். பறிக்கலாம் என்று நெருங்கிப் போனாள். பூக்கள் இல்லை, துடைத்துப் போட்ட காகிதங்கள். குதிரை ஈக்கள் கறுப்புச் சட்டையைத் தேடி வந்து கடித்தன. அடித்தால் உள்ளங்கையில் சொதசொதவென்று நசுங்கின. ஒஸ்மார் படியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டினார். நகங்கள் அவள் காயப்போட்ட துண்டின்மேல் தெறித்து விழுந்தன.

"சொர்க்கம் இல்லையா கிழவி?" என்றார்.

"சொர்க்கத்துல கால் நகம் இருக்காது."

சில நாட்களில் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நாளைக்குப் போகலாம் என்றார் ஒஸ்மார். மறுநாளும் நாளைக்கு என்றார். காரணம் டெல்மாவுக்குப் புரிந்தது. ஊருக்குப் போக வேண்டுமானால் பேருந்தை எடுக்க வேண்டும். எடுத்தால் இடம் போய்விடும். ஹாரன் அடித்தவன் மேலே மரத்தடியில் தூசிக்கு நடுவே நின்றுகொண்டு தினமும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரையாவது காருல கொண்டுபோகச் சொல்லி ஒரு வார்த்த கேளேன்," என்றாள்.

"என் பீயத் தூக்கிட்டுப் போங்கன்னு எவன்கிட்ட கேக்கறது? மானம் போயிடும்."

வெயிலேற ஏற வண்டிக்குள் வாடை ஏறியது. மருந்தின் செயற்கைப் பூ மணமும் அதற்கு அடியிலிருந்து வருகிற மற்றதும் கலந்து, சோற்றிலும் தலையணையிலும் தங்கியது. டெல்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். எர்மிந்தாவின் குழிக் கக்கூசுக்கு நடந்தாள். ஒஸ்மார் நடக்கவில்லை. ஒருநாள் கதவைத் திறந்தவள், பெட்டி விளிம்புவரை வந்து தளும்புவதைப் பார்த்துக் கதவை மூடிவிட்டு, கரைக்குப் போய், கொழுப்பு மிதந்த அந்தத் தண்ணீரின் முன்னால் குமட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விடிகாலையில் விழித்தபோது பெட்டி காலியாக இருந்தது. ஒஸ்மார் அடுப்பின் முன்னால் சீட்டியடித்துக்கொண்டு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கான்வாஸ் செருப்பின் நுனியில் நீலக் கறை.

"எங்க ஊத்தின?"

"ஊத்த வேண்டிய எடத்துல."

"எங்கன்னு கேட்டேன்."

"மேல. ஒருத்தர் கண்ணுலயும் படல. விடு கிழவி, வேல முடிஞ்சுது."

அவர் சுரைக்குடுக்கையில் யெர்பா இலைத் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, உறிகுழலைத் தன் வாயில் வைத்து முதல் குடுக்கையைக் குடித்தார். இரண்டாவதை ஊற்றி அவளிடம் நீட்டினார். கை கழுவினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை. வாங்கிக் குடித்தாள். கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார், பதில் தெரிந்தால் எழுந்து ஏதாவது செய்தாக வேண்டும். அந்தக் காலை வெளிச்சத்தில் அவளுக்கு எதுவும் செய்யத் தோன்றவில்லை. வாடை போயிருந்தது. அந்த நேரத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

பத்து மணிவாக்கில் எர்மிந்தா கூப்பிட்டனுப்பினாள். ரொட்டி பொரிக்கிறாள், வந்து ஒரு மாத்தே குடித்துவிட்டுப் போகட்டும் என்று. டெல்மா போனாள். சமையலறை வாசலில் இரண்டு மரக்கட்டைகள். சுயாய் தரையில் உட்கார்ந்து பெவென் கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எர்மிந்தா முதல் குடுக்கையைத் தானே குடித்தாள். ஊற்றுபவள்தான் முதலில் குடிக்க வேண்டும். கசப்பும் தூசும் அவளோடு போகட்டும் என்பதற்காக அப்படி. குடித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"மன்னிச்சுக்குங்க தோன்யா டெல்மா. இந்த யெர்பா புது பாக்கெட்டு. ஊர்க் கடையில மலிவா குடுத்தான். ஏதோ சோப்பு வாட அடிக்குது. உங்களுக்கு இதக் குடுக்க எனக்கே கூச்சமா இருக்கு."

"பரவால்ல, குடுங்க."

குடுக்கையை வாய்க்குக் கொண்டுபோனபோதே மூக்கு சொல்லிவிட்டது. யெர்பா வாடை இல்லை. சோப்பும் இல்லை. அது செயற்கைப் பூ. அந்தப் பூவுக்கு அடியில் இன்னொன்று. வெந்நீரில் அது இன்னும் விரிந்து மேலே வந்தது.

ஊற்ற வேண்டிய இடம் எது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

எர்மிந்தா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மலிவு யெர்பாவுக்காக வெட்கப்பட்டுக்கொண்டு. விருந்தாளிக்குக் கெட்டதைக் கொடுத்துவிட்டோமே என்ற வெட்கம். அந்த முகத்தைப் பார்த்துக் குடுக்கையைக் கீழே வைக்க டெல்மாவால் முடியவில்லை. இது எங்களுடையது, வேறு யார் குடிப்பது என்று நினைத்தாள். உறிஞ்சினாள். நாக்கு தொண்டைக்குள் சுருண்டது. அடிவரை உறிஞ்சினாள், குழல் கரகரவென்று சத்தம் போடும்வரை. ஒஸ்மாரைப் போல் ஒரு வாய் மிச்சம் வைக்கவில்லை.

குடித்து முடித்த பிறகும் தான் வாய் திறந்திருக்க மாட்டோம் என்றுதான் அவள் பின்னாளில் நினைத்தாள். நல்ல யெர்பா ஒரு பொட்டலம் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பாள். ஆனால் சுயாய் எழுந்து, வாசல் குழாயில் ஒரு தகரக் குவளையைப் பிடித்து, அதை வாய்க்குக் கொண்டுபோனாள்.

டெல்மா பாய்ந்து குவளையைத் தட்டிவிட்டாள். தண்ணீர் குழந்தையின் சட்டையில் கொட்டியது. குழந்தை அழுதது.

"என்ன இது?" எர்மிந்தா எழுந்தாள்.

"குடிக்க விடாதீங்க. யெர்பா நல்ல யெர்பாதான். தண்ணிதான் கெட்டுப்போச்சு." தொண்டையில் அந்த நீலம் இன்னும் இருந்தது. "என் புருஷன் காலைல பெட்டிய மேல எங்கயோ ஊத்தியிருக்கான்."

எர்மிந்தா கத்தவில்லை. கையில் இருந்த கெட்டிலைப் பார்த்தாள். பிறகு நிதானமாக அதைத் தரையில் கவிழ்த்தாள். குடுக்கையிலிருந்த யெர்பாவைத் தட்டிக் கொட்டினாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிகளுக்கெல்லாம் போய்க் கைப்பிடிகளைக் கம்பியால் கட்டினாள். பிறகு மேலே ஏறினாள். டெல்மா பின்னால் போனாள்.

கொய்வே மரங்களுக்கு நடுவில் சரிவின் குறுக்கே ஒரு வாய்க்கால். கோடையில் மேலே புல் மூடி, காய்ந்தது போல் இருக்கும். அடியில் தண்ணீர் ஓடும். அது போய் ஒரு சிமெண்டுத் தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து குழாய். தொட்டிக்கு மேலே கொஞ்சத் தூரத்தில் புல் நீலமாக இருந்தது. காகிதங்கள் நனைந்து குழைந்து புல்லில் ஒட்டியிருந்தன. மற்றதும் இருந்தது. அதன்மேல் ஈக்கள் கறுப்புப் போர்வையாக மொய்த்தன, ஆள் வந்ததும் ஒரே நேரத்தில் எழும்பின. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் தங்கள் இருவரின் வயிற்றிலிருந்து வந்ததை இன்னொருத்தியின் குடிநீரில், வெயிலில், அவள் கண் முன்னாலேயே பார்ப்பது வேறு. டெல்மாவுக்கு உடம்பு முழுக்க எதையோ பூசிவிட்ட மாதிரி இருந்தது.

சத்தம் கேட்டு ஒஸ்மார் ஏறி வந்தார். பின்னால் முகாம்காரர்கள் சிலர், ஹாரன் அடித்தவனும்.

"என்ன விஷயம் தோன்யா?"

"இது என்ன தோன் ஒஸ்மார்?"

ஒஸ்மார் எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார். "சே. மாடுங்க பண்ற வேல. மேல மேயவிட்டா இப்படித்தான்."

"எந்த மாடும் நீலமா போகாது."

யாரோ சிரித்தார்கள். ஒஸ்மாரும் சிரித்தார். டெல்மா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். பணிமனையில் தொப்பியைத் தூக்கிக் காட்டும்போது வருகிற அதே சிரிப்பு. அது தனக்குப் பிடித்த சிரிப்பு என்றுதான் அதுவரை அவள் நினைத்திருந்தாள்.

"நான்தான் சொன்னேன் கிழவா," என்றாள். "செருப்பப் பாரு."

அவர் செருப்பைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"இது வடிகால்னு நெனச்சேன்," என்றார் கடைசியில். "எங்க ஊர்ல தோட்டத்துக்கு மேல தண்ணி கொண்டாரது கால்வா, கீழ கழிச்சுக்கட்டறது வடிகால். இதுல புல்லு மண்டிக் கெடந்துது. எங்க ஊர்ல புல்லு மண்டினா அது வடிகால்தான். எவனக் கேட்டாலும் சொல்லுவான்."

அது பொய் இல்லை. ரோகாவில் எல்லோரும் அப்படித்தான். டெல்மாவே பாத்திரம் கழுவிய தண்ணீரை, செத்த கோழியை, வீட்டுக்குப் பின்னால் புல் மண்டிய வடிகாலில் வீசியிருக்கிறாள். அது எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கீழே எங்கோ போகும், கீழே யாரோ இருப்பார்கள். இங்கே அந்தக் கீழே என்பது எர்மிந்தாவின் சமையலறை.

"நான் ஊத்தாதீங்கன்னு சொன்னேன்," என்றாள் எர்மிந்தா. "வடிகாலா இருந்தாலும் ஊத்தாதீங்கன்னுதானே சொன்னேன்."

ஒஸ்மார் திரும்பி நடந்தார். இறங்கி வரும்போது டெல்மாவின் காதருகே குனிந்து, ஆறுதலாகச் சொன்னார்: "நமக்கு ஒண்ணும் பயமில்ல கிழவி. நம்ம வண்டித் தொட்டிய வந்த அன்னிக்கே ரொப்பிட்டோம்."

அந்தச் சரிவில் ஏறி இறங்கிய வழியில் எல்லாவற்றையும்விட அந்த வார்த்தைதான் அவளுக்கு அதிகமாக நாறியது.

தொட்டியைக் கழுவி, கரியும் சுண்ணாம்பும் போட்டு, மழை வந்து வாய்க்காலை அலசும்வரை அந்தத் தண்ணீர் உதவாது என்றாள் எர்மிந்தா. இன்னும் மேலே ஓர் ஊற்று இருக்கிறது. அங்கிருந்து புதுக் குழாய் போட வேண்டும். குழாயை மண்ணுக்குள் புதைக்கப் பள்ளம் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஜூன் குளிரில் உறைந்து வெடித்துவிடும்.

"செஞ்சுடறேன்," என்றார் ஒஸ்மார், எல்லோருக்கும் கேட்கும்படி. "குழாயும் என்னோடது, பள்ளமும் என்னோடது." பேருந்திலிருந்து தன் மண்வெட்டியை எடுத்து வந்தார். பனியில் சிக்கினால் தோண்டுவதற்காக ஓட்டுநர் காலத்திலிருந்தே வைத்திருப்பது, பிடியில் அவர் பெயரெழுத்து. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெட்டினார். நன்றாகத்தான் வெட்டினார். முகாம்காரர்கள் நின்று பார்த்தார்கள், ஒருவன் பீர் கொண்டுவந்து கொடுத்தான். ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்குப் பள்ளம் ஆனதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். மண்வெட்டியைப் பள்ளத்தின் முனையில் ஓங்கிக் குத்தி நிறுத்தினார்.

"மீதி மார்ச்சுல. குழாயோட வரேன். என் மண்வெட்டியே இங்க நிக்குது தோன்யா, நான் வராம இருப்பேனா?"

எர்மிந்தா அவரைப் பார்க்கவில்லை. டெல்மாவைப் பார்த்தாள். டெல்மா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். கிளம்பும் வரை ஊற்றிலிருந்து எர்மிந்தாவோடு சேர்ந்து கேன்களில் தண்ணீர் சுமந்தாள். சுமக்கும்போது ஒருமுறை எர்மிந்தா கேட்டாள்: "தெரிஞ்சுமா அந்த மாத்தேய முழுசா குடிச்சீங்க?"

"ஆமா."

"பைத்தியமா உங்களுக்கு?"

"தெரியல," என்றாள் டெல்மா. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஒஸ்மார் வானொலியைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். பக்கத்து இருக்கைக்காரிதான் ஓட்டுநருக்கு மாத்தே ஊற்றித் தர வேண்டும். டெல்மா ஊற்றித் தந்தாள். அவர் குடித்துவிட்டு, அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார். அவள் மிச்சத்தை ஜன்னலுக்கு வெளியே கொட்டினாள். மீண்டும் நிரப்பி அவருக்கே கொடுத்தாள்.

"நீ குடிக்கல?"

"வேணாம்."

மூன்று குடுக்கைக்குப் பிறகு மறுபடி கேட்டார். "கோபமா?"

கோபம் என்றால் இந்நேரம் இரண்டு கத்து கத்தியிருப்பாள், அவர் கேலி செய்திருப்பார், முடிந்திருக்கும். இது நாக்கில் இருந்தது. அந்த உறிகுழலின் நுனி ஈரமாகப் பளபளத்தது. கல்யாணத்துக்கு முந்திய நாட்களிலிருந்தே அந்த ஈரத்தில் வாய் வைத்தவள். இப்போது வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவர் எச்சில் மாறிவிடவில்லை, தன் நாக்குதான் மாறிவிட்டது என்றும் தோன்றியது. எது மாறினால் என்ன.

"ஓட்டு," என்றாள்.

வீட்டில் அவள் தனிக் குடுக்கை வாங்கிக்கொண்டாள். ஒரே மேஜையில் இரண்டு குடுக்கை. வருகிறவர்களுக்கு ஒஸ்மார் அதைக் காட்டிச் சொல்வார்: "எங்க வீட்டு மகாராணிக்குத் தனிப் பாத்திரம். என் வாய் ஆகாதாம்." வந்தவர்கள் சிரிப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மார்ச்சில் ஒஸ்மார் குழாய் வாங்கினார். கறுப்புப் பிளாஸ்டிக் குழாய், பெரிய சுருள். வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டபோது டெல்மாவுக்குக் கொஞ்சம் இளகியது. அடுத்த வாரம் போகலாம் என்றார். அடுத்த வாரம் முழங்கால் வலித்தது. பிறகு திராட்சை அறுவடைத் திருவிழா. பிறகு, குழாயின் ஒரு முனையை முற்றத்துக் குழாயில் மாட்டிப் பேருந்தைக் கழுவ ஆரம்பித்தார். எவ்வளவு தூரம் எட்டுகிறது பார் என்று பெருமையாகச் சொன்னார். அவருடைய செருப்பு நுனியில் இருந்த நீலக் கறைகூட அந்தக் குழாய்த் தண்ணீரில்தான் போனது.

ஒருநாள் அவர் மதியம் தூங்கும்போது டெல்மா குழாயைக் கழற்றினாள். சுருட்டிக் கயிறு கட்டினாள். கலார்சா இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தான். மலைப்பக்கம் போகிற வண்டியில் பார்சலாக ஏற்றச் சொல்லி அவனைக் கூப்பிட்டாள். அவன் வந்து சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான்: "அடிமண்டி எதையாவது பாக்கி வெச்சுட்டானா?"

"வேற என்ன வெப்பான்?"

"இந்தத் தடவ வாளிக்குப் பதிலா குழாயா," என்று சிரித்துக்கொண்டே போனான்.

மே மாதத்தில் எர்மிந்தாவின் குரல்செய்தி போனில் வந்தது. டெல்மா அதைச் சமையலறையில், ஒஸ்மார் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சத்தமாகப் போட்டாள்.

"தோன்யா டெல்மா, குழாய் வந்துது. ரொம்ப நன்றி. ஊத்துலேர்ந்து தரைமேலயே இழுத்து விட்டிருக்கோம், தண்ணி வருது. சுயாய் நல்லா இருக்கா. பள்ளத்த நாங்களே வெட்டிக்கலாம்னு என் புருஷன் சொன்னான். நான் வேணாம்னுட்டேன். அது தோன் ஒஸ்மார் வாயால சொன்னது. அவர் மண்வெட்டிய யாரும் தொடல. அங்கயே நிக்குது."

ஒஸ்மார் முழுதும் கேட்டார். தலையை ஆட்டினார். "நல்ல பொம்பள," என்றார். "ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கு." குடுக்கையைக் கீழே வைத்துவிட்டுத் தூங்கப் போனார். அடியில் ஒரு வாய் மிச்சம் இருந்தது.

ஜூனில் மலையில் பனி விழுந்தது. ஏரிச் சாலையை மூடிவிட்டதாக வானொலி சொன்னது. "இனிமே எப்படிப் போறது கிழவி," என்றார் ஒஸ்மார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை டெல்மா கேட்டாள். தன் குடுக்கையில் தனக்கு ஊற்றிக்கொண்டாள். அந்நேரம் அங்கே குழாய் தரைமேல் உறைந்து கிடக்கும். எர்மிந்தா கேனைத் தூக்கிக்கொண்டு பனியில் ஏறுவாள். ஓர் ஆள் நீளத்துக்கு வெட்டிய பள்ளத்தைப் பனி மூடியிருக்கும். அதன் முனையில் மண்வெட்டியின் பிடி மட்டும் வெளியே தெரியும், அவர் பெயரெழுத்தோடு. அதிலிருந்து ஊற்று வரைக்கும் வெட்டாத மண் இன்னும் அவர் பாக்கி.